ஏற்றுமதிச் சங்கத்தில் சேர்ந்த பிறகு என்ன செய்வது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் புதிதாக ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்ய அரசு தரும் அடையாள எண்) வாங்கி ஏற்றுமதியில் இறங்குபவர்களில் பலர், சங்கத்தில் சேர்ந்த மறுவாரமே அலுவலகத்துக்குப் போய், ‘பையர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். ஆர்டர் பிடித்துத் தருவது சங்கத்தின் வேலை அன்று. தனி நிறுவனம் ஒன்று எத்தனை முறை எழுதினாலும் பதில் வராத இடங்களில், ஆயிரம் நிறுவனங்களின் சார்பாகப் பேசிப் பதில் வாங்குவதே அதன் வேலை. அந்தப் பேச்சுக்கு மூலப்பொருள் உறுப்பினர் கொடுக்கும் தாள்களும் எண்களும்தான். ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் டாக்குமென்டேஷன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், சங்கத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் திருப்பூரைச் சேர்ந்தவை என்றாலும், நடைமுறை இந்தியாவின் எந்த ஊர் ஏற்றுமதியாளருக்கும் ஏறக்குறைய இதுவே.

முதற்படி: உங்கள் கதவு எது என்று அறிதல்

‘சங்கம்’ என்று பேச்சுவழக்கில் ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோமே தவிர, உண்மையில் அவை மூன்று நான்கு வகை அமைப்புகள். முதலாவது, ஊர் அளவிலான தொழில் சங்கம் (தொழிலாளர்களின் தொழிற்சங்கம் அன்று). 1990-இல் தொடங்கப்பட்ட திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் இந்த வகை. இரண்டாவது, ஒரு பொருள் வகைக்கென்று நாடு முழுவதற்கும் இயங்கும் ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில். ஆயத்த ஆடைக்கு 1978-இல் உருவான ஏ.இ.பி.சி., தோலுக்கும் கைத்தறிக்கும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கவுன்சில்கள், பம்ப்செட் போன்ற பொறியியல் பொருள்களுக்கு இ.இ.பி.சி. ஆகியவை இதில் அடங்கும். மூன்றாவது, அரசே அமைத்த வாரியங்களும் ஆணையங்களும். மசாலாப் பொருளுக்கும் கயிற்றுக்கும் வாரியங்கள் உண்டு, இறாலுக்கும் மீனுக்கும் எம்பெடா, அரிசி, பழம், காய்கறிக்கு அபெடா. இவை எல்லாவற்றுக்கும் மேல் 1965-இல் நிறுவப்பட்ட இந்திய ஏற்றுமதி அமைப்புகளின் கூட்டமைப்பு இருக்கிறது. ‘ஃபியோ’ என்று சொன்னால்தான் பலருக்கும் புரியும்.

எந்தக் கவுன்சில் உங்களுடையது என்பதை முடிவு செய்வது, நீங்கள் அனுப்பும் பொருளின் எச்.எஸ். குறியீடு, அதாவது சுங்கத்தில் பொருள்களை வகைப்படுத்தும் எண். பின்னிய துணியில் தைத்த ஆடை 61-ஆம் அத்தியாயம், நெய்த துணியில் தைத்தது 62-ஆம் அத்தியாயம், கரூரிலிருந்து போகும் திரைச்சீலை, படுக்கை விரிப்பு, சமையலறைத் துண்டு ஆகியவை 63-ஆம் அத்தியாயம். பருத்தி பனியன், டி-ஷர்ட் என்றால் 6109.10. இந்த எண்ணைச் சுங்க வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட் போட்டுக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். வரிச் சலுகை விகிதம், வாங்கும் நாட்டில் கட்ட வேண்டிய சுங்கம், உங்களுக்காகப் பேச வேண்டிய அமைப்பு என மூன்றையும் அதுவே தீர்மானிக்கிறது.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லி வைக்கிறேன். கொங்கு நாட்டில் ‘சைமா’ என்ற பெயரில் இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்று கோவையிலுள்ள தென்னிந்திய மில்கள் சங்கம், மற்றொன்று திருப்பூரிலுள்ள தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர்கள் சங்கம். நூல் விலை ஏறும்போது இவ்விரண்டும் ஒரே பக்கம் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. செய்தித்தாளில் ‘சைமா வரவேற்பு’ என்று படித்தால், எந்த சைமா என்று பார்த்துவிட்டு மகிழ்ச்சி அடையுங்கள்.

இரண்டாம் படி: பதிவுச் சான்று

ஐ.இ.சி. எண், நடப்புக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவு, அந்நியச் செலாவணியைக் கையாளும் வங்கிக் கிளையின் எண்ணான ஏ.டி. குறியீட்டைச் சுங்கத் துறையில் பதிதல் ஆகியவை முடிந்த பிறகு கவுன்சிலில் பதிவு செய்து, ஆர்.சி.எம்.சி. எனப்படும் பதிவு மற்றும் உறுப்பினர் சான்றைப் பெற வேண்டும். வெளிநாட்டு வணிகக் கொள்கையின்கீழ் வரும் சலுகைகளைக் கேட்பதற்கு இந்தச் சான்று தேவைப்படுகிறது. விண்ணப்பம் டி.ஜி.எஃப்.டி. எனப்படும் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளம் வழியாகவே செய்யப்படுகிறது. நீங்களே தைத்து அனுப்புகிறவரா, வெளியில் வாங்கி அனுப்பும் வணிகரா என்பதை அங்கே சரியாகக் குறிப்பிடுங்கள். பல வகைப் பொருள்களை அனுப்புபவர், முதன்மைத் தொழில் எது என்று இன்னும் முடிவாகாதவர், எந்தக் கவுன்சிலிலும் சேராத பொருளை அனுப்புபவர் ஆகியோர் ஃபியோவிடம் பதிந்துகொள்ளலாம்.

புதியவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உண்டு. சான்று ஐந்து நிதியாண்டுகளுக்குச் செல்லும் என்பதால் சந்தாவும் ஐந்து ஆண்டுகளுக்குக் கட்டியாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆண்டுச் சந்தா வேறு, சான்றின் காலம் வேறு. சந்தா நின்றுபோன உறுப்பினருக்குக் கண்காட்சி அரங்கோ வாக்குரிமையோ கிடைக்காமல் போகலாம். ஏற்றுமதி விவரங்களைக் காலாண்டுதோறும் கவுன்சிலுக்குத் தெரிவிப்பதும் உறுப்பினரின் கடமையே. பலரும் அதை ஒரு தொல்லையாகக் கருதித் தள்ளிப்போடுகிறார்கள். அந்த எண்களை எதற்காகக் கேட்கிறார்கள் என்பது பின்னால் விளங்கும்.

உள்ளூர்ச் சங்கத்தில் சேருவது சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் தண்ணீர், சாலை, மின்சாரம், தொழிலாளர் கூலி ஆகிய எதையும் தில்லிக் கவுன்சில் வந்து பேசாது என்பதால், இரண்டிலும் இருப்பதே நல்லது. பவானி ஆற்றிலிருந்து திருப்பூருக்கு நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் அளவில் அமைக்கப்பட்ட குடிநீர் மற்றும் தொழில் நீர்த் திட்டத்துக்குப் பின்னால் உள்ளூர் ஏற்றுமதியாளர்களின் கூட்டு முயற்சி இருந்தது. லாரித் தண்ணீரை நம்பிச் சாயப்பட்டறை ஓட்டிய காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதேபோல், சாயக்கழிவு நொய்யலில் கலப்பது தொடர்பான வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, எந்தத் தனி முதலாளியும் தனியாக எதையும் செய்திருக்க முடியாது. பட்டறை மூடினால் பின்னலும் தையலும் நிற்கும் என்பதால், ஊரே ஒரு மேசையில் உட்கார வேண்டியதாயிற்று.

மூன்றாம் படி: சுற்றறிக்கை படிக்கும் பழக்கம்

உறுப்பினரானதும் மின்னஞ்சலில் சுற்றறிக்கைகள் வந்து குவியும். பத்தில் ஏழு உங்களுக்குத் தேவைப்படாதவை. எஞ்சிய மூன்றில் காசு இருக்கிறது. நிறுவனத்தில் ஒருவரை இதற்கென்று பொறுப்பாக்கி, டி.ஜி.எஃப்.டி. அறிவிப்பு, சுங்கத் துறைச் சுற்றறிக்கை, ரிசர்வ் வங்கி அறிவிப்பு என்று பிரித்துக் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஐ.இ.சி. விவரங்களை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் உறுதிப்படுத்தத் தவறினால் அந்த எண் செயலிழந்துவிடும். கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

வணிக ஒப்பந்தங்கள் தொடர்பான சுற்றறிக்கைகளைத் தனியாக எடுத்து வையுங்கள். 2022 மே 1 முதல் ஐக்கிய அரபு அமீரகத்துடனும், அதே ஆண்டு டிசம்பர் 29 முதல் ஆஸ்திரேலியாவுடனும் நடைமுறையிலுள்ள ஒப்பந்தங்களால், அந்நாடுகளில் இந்திய ஆடைக்கு இருந்த 5 விழுக்காட்டுச் சுங்கம் நீங்கியது. ஆனால் அந்தச் சலுகை தானாக வந்து சேராது. ஒவ்வொரு ஷிப்மெண்டுக்கும் பொருள் இந்தியாவில் உருவானது என்று காட்டும் முன்னுரிமை வகை மூலச் சான்று எடுத்து அனுப்பினால்தான் பையருக்கு அது கிடைக்கும். விலை பேசும்போதே இதைச் சொல்லத் தெரிந்தவர் அந்த 5 விழுக்காட்டில் தம் பங்கைக் கேட்டுப் பெறுகிறார். தெரியாதவர் முழுவதையும் பையருக்கு விட்டுக்கொடுக்கிறார். பிரிட்டனுடன் 2025 ஜூலை 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானதற்குப் பின்னால், வங்கதேசச் சரக்கு சுங்கம் இல்லாமல் நுழையும் சந்தையில் நாம் மட்டும் வரி கட்டிப் போட்டியிட வேண்டியிருக்கிறது என்று ஆடைத் துறை அமைப்புகள் பல்லாண்டுகளாக எழுதி வந்த மனுக்களும் இருக்கின்றன.

கண்காட்சிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கவுன்சில் வழியாக அரங்கு எடுத்தால் செலவு குறையும், முதன்முறை போகிறவருக்குக் கூட்டமாகப் போவதில் துணிவும் வரும். செலவில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் திட்டங்களுக்கு முன்கூட்டியே பெயர் பதிந்திருக்க வேண்டும். பயணச்சீட்டு, போர்டிங் பாஸ், அரங்கு ரசீது ஆகியவற்றைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும். 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கத்துக்குள் இத்தகைய உதவிகள் கொண்டுவரப்பட்டிருப்பதால், பழைய விதிகளை நம்பாமல் கவுன்சிலின் அண்மைச் சுற்றறிக்கையையே பாருங்கள்.

நான்காம் படி: குறையை மனுவாக்குதல்

சங்கத்தின் உண்மையான பயன் இங்கேதான் தொடங்குகிறது என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) கட்டி ஏற்றுமதி செய்தவர், கட்டிய வரியைத் திரும்பப் பெறத் தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை, சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லே விண்ணப்பம் என்று சொல்லப்பட்டது. மாதங்கள் ஓடின, பணம் வரவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருநாள் சுங்கத் துறை இணையதளத்தைத் திறந்து பார்த்தபோது, வரிசையாக ஒரே குறி நின்றது: எஸ்பி005. ஷிப்பிங் பில்லிலுள்ள இன்வாய்ஸ் எண்ணும் ஜி.எஸ்.டி. கணக்கில் காட்டிய இன்வாய்ஸ் எண்ணும் பொருந்தவில்லை என்பது அதன் பொருள். ஏஜென்ட் ஷிப்பிங் பில்லில் முழு எண்ணையும் சாய்கோடுகளோடும் நிதியாண்டோடும் அடித்திருந்தார். எங்கள் கணக்கர் ஜி.எஸ்.டி. படிவத்தில் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் போட்டிருந்தார். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒரே பில். கணினிக்கு வெவ்வேறு. அந்தச் சாய்கோட்டுக்காக நூல் மில்லுக்குக் கொடுக்க வேண்டிய பணம் அரசிடம் முடங்கிக் கிடந்தது.

உடனே நாங்கள் எழுதிய முதல் கடிதம் இன்றும் நினைவிருக்கிறது. ‘எங்களுக்கு வர வேண்டிய ரீஃபண்ட் தொகை நீண்ட நாட்களாக வரவில்லை, தொழில் நடத்த இயலாத நிலையில் உள்ளோம், உடனடியாக ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்ய முடியாது. சங்க அலுவலகத்தில் அதைத் திருப்பிக் கொடுத்து, ஒரு எக்செல் படிவத்தை நிரப்பச் சொன்னார்கள்: ஷிப்பிங் பில் எண், தேதி, துறைமுகம், அதிலுள்ள இன்வாய்ஸ் எண், ஜி.எஸ்.டி. படிவத்திலுள்ள இன்வாய்ஸ் எண், கட்டிய வரி, இணையதளம் காட்டும் பிழைக் குறி. அவ்வளவுதான். கண்ணீருக்கு அதில் கட்டம் இல்லை.

நாடெங்கும் இப்படித் திரண்ட பட்டியல்கள் ஃபியோ, கவுன்சில்கள், ஊர்ச் சங்கங்கள் வழியாகத் தில்லிக்குச் சென்றன. பிழை பெரும்பாலும் ஒரே வகையானது, ஏமாற்று அன்று என்பது பட்டியலைப் பார்த்தாலே தெரிந்தது. 2018 பிப்ரவரியில் சுங்க வாரியம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டு, இரண்டு இன்வாய்ஸ் எண்களையும் எதிரெதிரே காட்டும் பொருத்தப் பட்டியலை ஏற்றுமதியாளர் கொடுத்தால் அதிகாரி சரிபார்த்துத் திருத்தலாம் என்று வழி செய்தது. மார்ச் 15 முதல் சிறப்பு ரீஃபண்ட் முகாம்கள் நடந்தன. நாங்கள் முன்பே நிரப்பிக் கொடுத்த எக்செல் படிவம் ஏறக்குறைய அப்படியே அந்தப் பொருத்தப் பட்டியலாக உதவிற்று.

ஆகவே உங்களுக்கு ஒரு சிக்கல் வரும்போது, சங்கத்துக்கு எழுதும் தாளில் பின்வருவன இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எந்த ஆவணத்தில், எந்தத் தேதியில், எவ்வளவு தொகை சிக்கியிருக்கிறது என்பது முதலில் வர வேண்டும். எந்த விதி அல்லது சுற்றறிக்கையின்படி அது உங்களுக்கு உரியது என்று அதன் எண்ணோடு குறிப்பிட வேண்டும். உரிய அலுவலகத்தில் நீங்கள் ஏற்கெனவே கேட்டீர்களா, என்ன பதில் வந்தது என்பதற்கு நகல் இணைக்க வேண்டும். கடைசியாக, என்ன செய்தால் தீரும் என்று நீங்கள் கருதுகிறீர்களோ அதை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான். ‘நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்பது கோரிக்கை ஆகாது. ‘இன்ன படிவத்தில் திருத்தம் செய்ய இன்ன அதிகாரிக்கு அதிகாரம் தர வேண்டும்’ என்பதே கோரிக்கை.

உங்களுடையது தனிச் சிக்கலா, பலருக்கும் உள்ளதா என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஷிப்பிங் பில்லில் திட்டக் குறியீட்டை ஏஜென்ட் தவறாக அடித்துவிட்டதால் சலுகை போனது என்றால், அது முதலில் சுங்கச் சட்டத்தின் 149-ஆம் பிரிவின்கீழ் நீங்களே ஆவணத் திருத்தம் கேட்க வேண்டிய விஷயம். அதே தவறு நாற்பது பேருக்கு நேர்ந்திருந்தால், படிவத்திலேயே ஏதோ குழப்பம் இருக்கிறது என்று பொருள். அப்போது அது சங்கத்தின் விஷயமாகிறது.

ஐந்தாம் படி: எண்களைக் கேட்கும்போது கொடுத்தல்

ஏற்றுமதிப் பொருளின் மீது வரியைச் சுமத்தி அனுப்பக்கூடாது என்பது பொதுவான கொள்கை. ஆனால் மின்சார வரி, டீசல் மீதான மாநில வரி போன்றவை ஜி.எஸ்.டி.க்குள் வராமல் விலைக்குள் ஒளிந்திருக்கும். அவற்றைத் திருப்பித் தருவதற்காகவே ஆடைகளுக்கு ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். திட்டமும், பிற பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஆர்.ஓ.டி.டி.இ.பி. திட்டமும் இருக்கின்றன. இரண்டாவது திட்டத்துக்கு விகிதம் பரிந்துரைக்க ஜி.கே. பிள்ளை தலைமையில் 2020-இல் அமைக்கப்பட்ட குழு, தனக்கு வேண்டிய தரவுகளைக் கவுன்சில்கள் வழியாகத் தொழில் நிறுவனங்களிடமிருந்தே திரட்டியது. ஒரு யூனிட் உற்பத்திக்கு எவ்வளவு மின்சாரம், ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல், துறைமுகம் வரை லாரிக்கு எவ்வளவு என்றெல்லாம் கேட்ட அந்தப் படிவங்களைப் பல நிறுவனங்கள், ‘நம் கணக்கை ஏன் வெளியே காட்ட வேண்டும்’ என்று எண்ணி நிரப்பாமல் வைத்துக்கொண்டன. தரவு கொடுக்காதவர்களின் செலவு எந்தச் சராசரியிலும் ஏறுவதில்லை. விகிதம் வெளியான பிறகு ‘இது போதாது’ என்று முழக்கமிடுவதைவிட, படிவம் வந்த வாரத்தில் மின்கட்டண ரசீதுகளை எடுத்து உட்காருவது எவ்வளவோ பயன் தரும். முதல் பட்டியலில் விடுபட்ட இரும்பு, எஃகு, வேதிப்பொருள், மருந்துத் துறைகள் 2022 டிசம்பர் 15 முதல் சேர்க்கப்பட்டன என்பது, தொடர்ந்து கேட்பவருக்குக் கதவு திறக்கும் என்பதற்குச் சான்று.

மத்திய பட்ஜெட்டுக்கு முந்தைய மாதங்களிலும் இதே வகைக் கோரிக்கைகள் சேகரிக்கப்படுகின்றன. அக்டோபரில் சங்கம் மின்னஞ்சல் அனுப்பும். பதில் சொல்பவர்கள் வழக்கமாக அதே சிலர்தான். சிறு நிறுவனங்களின் குரல் சங்கத்தில் எடுபடுவதில்லை என்ற புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. பெரிய நிறுவனத்தில் அதற்கென்று ஆள் இருக்கிறார், சிறியவருக்கு முதலாளியே மெர்ச்சண்டைசரும் காசாளரும். என்றாலும், எழுதி அனுப்பிய சிறு நிறுவனத்தின் தாளைக் குப்பையில் போட்டதாக நான் பார்த்ததில்லை. எழுதாதவர்தான் மிகுதி.

எல்லாருக்கும் ஒரே குரல் இல்லை

நாட்டின் ஏற்றுமதியாளர்களைச் சங்கம் பிரதிநிதித்துவம் செய்கிறது என்று சொல்லும்போது, அவர்கள் அனைவரும் ஒன்றையே விரும்புகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 2010-11-இல் பருத்தி நூல் ஏற்றுமதிக்கு 72 கோடி கிலோ என்று அரசு உச்சவரம்பு விதித்தபோது, நூல் விலை குறைய வேண்டும் என்று காத்திருந்த ஆடை ஏற்றுமதியாளருக்கு அது நிம்மதி, நூலை ஏற்றுமதி செய்த மில்லுக்கு அதுவே அடி. இருவரும் ஏற்றுமதியாளர்களே. பஞ்சு இறக்குமதி வரியிலும் இதே கதை. 2021 பட்ஜெட்டில் வந்த 11 விழுக்காட்டு வரியை நீக்க வேண்டும் என்று மில்களும் ஆடைத் துறையும் கேட்டன. 2022 ஏப்ரலில் சில மாதங்களுக்கு விலக்கு கிடைத்தது. பிறகு 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காடாக்கிய வாரங்களில் மறுபடியும் விலக்கு வந்து, அது டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. உள்நாட்டுப் பஞ்சு விலை சரியும் என்று விவசாயிகள் அமைப்புகள் அதை எதிர்த்தன. அவர்கள் அச்சத்திலும் நியாயம் உண்டு. இப்படிப்பட்ட கேள்விகளில் உங்கள் சங்கம் எந்தப் பக்கம் நின்று எழுதியிருக்கிறது என்பதை மனுவின் நகலைக் கேட்டுப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அது உங்கள் பெயரிலும்தான் போகிறது.

சங்கத்தால் ஆகாதவை

பையர் பணம் தராமல் இழுத்தடித்தால் சங்கம் ஓர் அறிமுகக் கடிதமோ தூதரகத்துக்கு ஒரு வேண்டுகோளோ அனுப்பலாம், அதற்குமேல் அதனிடம் கருவி இல்லை. அதற்கு, பையர் பணம் தராவிட்டால் ஈடு தரும் அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் காப்பீட்டை ஷிப்மெண்டுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். பையரின் கடன் வரம்பை அவர்களிடம் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்து தொண்ணூறு நாள் ஆன பிறகு காப்பீட்டைப் பற்றி விசாரிக்க வருபவர்களைச் சங்க அலுவலகம் உட்கார வைத்துத் தேநீர் கொடுக்கும். வேறு எதுவும் கொடுக்க இயலாது.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. கூலி ஒப்பந்தம், கண்காட்சி, ஜி.எஸ்.டி., துறைமுகம் என்று சங்கங்களில் துணைக்குழுக்கள் இருக்கும். அவற்றில் உங்கள் தொழிலுக்கு எது மிகவும் வலிக்கிறதோ அந்த ஒன்றில் மட்டும் பெயர் கொடுத்து, கூட்டத்துக்குப் போகும்போது அந்த மாதத்துச் சிக்கிய பில்களின் பட்டியலைக் கையில் கொண்டு போங்கள்.